12 வால்வு கம்மின்ஸ் எஞ்சினில் புதிய டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் பொருத்தும் முறை

1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் விற்பனையான டாட்ஜ் ராம் 2500, 3500 டீசல் பிக்கப் வண்டிகளில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 6பிடி எஞ்சின் இருக்கிறது. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கொள்ளளவு, சிலிண்டருக்கு இரண்டு வால்வு வீதம் மொத்தம் 12 வால்வு, டீசலை அளந்து செலுத்த போஷ் பி7100 பம்ப் என்று முழுக்க முழுக்க இயந்திர அமைப்பாலேயே இயங்கும் எஞ்சின் இது. இதே குடும்பத்து எஞ்சினை ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா கம்மின்ஸ் ஆலை டாடா 1613 போன்ற லாரிகளுக்காகத் தயாரித்தது. அதனால் நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறைகளில் வேலை பார்த்த ஒருவர் டெக்சஸில் ஒரு ராம் வண்டியின் பானட்டைத் திறந்தால், பழகிய முகத்தைக் கண்டது போலவே உணர்வார்.

இந்த வண்டிகளுக்கு இப்போது ஏறத்தாழ முப்பது வயதாகிறது. எஞ்சின் இன்னும் நன்றாக ஓடினாலும், அதன் பக்கவாட்டில் தொங்கி, சிலிண்டர்களின் புகையைத் திரட்டி டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு விரிசல் கண்டிருக்கும். அந்தப் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் ஹோல்செட் நிறுவன டர்போவும் தேய்ந்திருக்கும். வெளிச்சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களை வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே பொருத்திவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகப் பொருத்தப்பட்ட டர்போக்கள் சில நாட்களிலேயே பாழாவதற்குப் பெரும்பாலும் டர்போ காரணமாக இருப்பதில்லை. எண்ணெய் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது போன எண்ணெய் இறங்க வழியில்லாமல் இருந்திருக்கும், அல்லது உள்ளே ஏதேனும் ஒரு துண்டு கிடந்திருக்கும். மேனிஃபோல்டு உடைவதற்கோ, சூட்டில் நீள இடம் கிடைக்காமல் போவதே காரணம். இந்த வழிகாட்டியில் ஸ்பேனர் பிடிக்கும் முறையைவிட இவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இரண்டையும் ஏன் ஒன்றாக மாற்ற வேண்டும்

ராமில் வரும் மூல மேனிஃபோல்டு ஒரே துண்டாக வார்க்கப்பட்டது. சுமார் 70 செ.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்பு 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் 4 மி.மீ.க்கும் அதிகமாக நீளும். ஆனால் அதைப் பிடித்திருக்கும் சிலிண்டர் ஹெட், குளிர்நீர் ஓடுவதால், அந்த அளவுக்கு நீள்வதில்லை. நீளவும் முடியாமல் நிலையாக நிற்கவும் முடியாமல் திணறும் இரும்பு, பல ஆண்டுகள் இப்படிச் சூடாகிக் குளிர்ந்த பிறகு நிரந்தரமாகச் சுருங்கிவிடுகிறது. அதன் விளைவு முதல் சிலிண்டரிலும் ஆறாவது சிலிண்டரிலும் உள்ள கடைசி போல்ட்களில் தெரியும்: ஒன்று போல்ட் முறிந்திருக்கும், அல்லது மேனிஃபோல்டின் காது உடைந்திருக்கும். கழற்றிய பழைய மேனிஃபோல்டைத் திரும்ப ஹெட்டில் வைத்துப் பார்த்தால், ஓரத்துத் துளைகள் நேர்கோட்டில் வராததைப் பல வண்டிகளில் காணலாம்.

இதற்கு மாற்றாக வெளிச்சந்தையில் கிடைப்பவை இரண்டு அல்லது மூன்று துண்டுகளாகச் செய்யப்பட்ட மேனிஃபோல்டுகள். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வழுக்கும் இணைப்பைக் கொண்டவை. சூடேறும்போது இரும்பு நீள்வதற்கு அந்த இணைப்பே இடம் கொடுக்கிறது. டர்போவைக் கழற்றினால் மேனிஃபோல்டு வெறுமையாகக் கண் முன் நிற்கும். அந்த நேரத்தில் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய டர்போவை மட்டும் அதன்மேல் ஏற்றுவது, ஓட்டைக் கூரையின் கீழ்ப் புதுக் கட்டிலைப் போடுவதற்கு ஒப்பாகும்.

எந்த டர்போ, எந்த மேனிஃபோல்டு

இந்த எஞ்சினின் சிலிண்டர்களில் டீசல் 1-5-3-6-2-4 என்ற வரிசையில் எரிகிறது. இந்த வரிசையைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முன் மூன்று சிலிண்டர்களில் ஒன்று எரிந்தால், அடுத்துப் பின் மூன்றில் ஒன்று, மறுபடி முன்னால் ஒன்று என்று மாறி மாறி வருகிறது. ஆகவே முன் மூன்றின் புகையை ஒரு வழியிலும் பின் மூன்றின் புகையை இன்னொரு வழியிலும் டர்போவுக்குக் கொண்டுசென்றால், ஒரே வழியில் வரும் இரு துடிப்புகளுக்கு இடையே கிராங்க் தண்டின் சுழற்சியில் 240 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. ஒன்றின் அழுத்தம் மற்றொன்றை எதிர்த்துத் தள்ளுவதில்லை. மூல மேனிஃபோல்டின் வாயில் நடுச்சுவர் இருப்பதும், ஹோல்செட் டர்போவின் வாயிலும் அதே சுவர் இருப்பதும் இதற்காகத்தான். புதிதாக வாங்கும் இரண்டிலும் இந்தச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், குறைந்த வேகத்தில் டர்போ விழித்தெழும் விரைவு குறைந்துவிடும்.

அடுத்தது இணைப்பு முகத்தின் அளவு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் மூல டர்போவான ஹோல்செட் எச்எக்ஸ்35டபிள்யூ, டி3 அளவு முகம் கொண்டது. பெயரின் கடைசியில் உள்ள டபிள்யூ, அதில் வேஸ்ட்கேட், அதாவது அளவுக்கு மிஞ்சிய புகையைச் சக்கரத்தைச் சுற்றி வெளியேற்றும் வால்வு, இருப்பதைக் குறிக்கிறது. போர்க்வார்னர் எஸ்300 வரிசையிலுள்ள பல டர்போக்கள் டி4 முகத்துடன் வருகின்றன. அவற்றைப் பொருத்துவதாக இருந்தால் டி4 முகமுள்ள மேனிஃபோல்டையே வாங்குவது நல்லது. இடையில் ஒரு மாற்றுத் தகடு வைத்தால் டர்போவின் உயரம் கூடுகிறது, கசிவதற்கு இன்னுமொரு முகமும் சேர்கிறது.

அளவைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். வண்டி டிரெய்லர் இழுப்பதற்கும் அன்றாட ஓட்டத்துக்கும் என்றால், மூல டர்போவைவிடச் சற்றே பெரியது போதும். டர்போ தனியாக வலுவைத் தருவதில்லை. கூடுதல் டீசலை முழுமையாக எரிக்கத் தேவையான காற்றை மட்டுமே அது தருகிறது. டீசல் அளவு பழையபடியே இருக்க, மிகப் பெரிய டர்போவை ஏற்றினால், மேடேறும்போது அது சுழன்று எழுவதற்குள் வண்டி திணறிக் கரும்புகை கக்கும். பம்பையும் இன்ஜெக்டரையும் மாற்றும் எண்ணம் உறுதியாக இருந்தால்தான் காற்றுச் சக்கரத்தின் வாய் 62 மி.மீ. உள்ள வகையும் அதற்கு மேற்பட்டவையும் பொருள்படும். அந்த நிலைக்குப் போனால் கிளட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியானால் கியர்பாக்ஸ், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றின் தாங்கும் திறனையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் வாங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் கைவைப்பதைத் தடை செய்கிறது. கலிஃபோர்னியாவில், மூலப் பாகத்துக்கு நிகரில்லாத பாகங்களில், மாநிலக் காற்று வள வாரியம் விலக்கு ஆணை எண் வழங்கியுள்ளவற்றை மட்டுமே சாலை வண்டியில் பொருத்தலாம். 1998-ஆம் ஆண்டு மாடலும் அதற்குப் பிந்தையவையுமான டீசல் வண்டிகள் அங்கே புகைச் சோதனைக்கும் உட்பட வேண்டும். இந்தியாவில் 6பிடி எஞ்சின் லாரி வைத்திருப்பவர்கள், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது என்பதை நினைவில் வைத்து, மூல அளவிலான டர்போவோடு நின்றுகொள்வது நல்லது.

கழற்றுதல்

வேலை தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பிருந்தே, மேனிஃபோல்டின் 12 போல்ட்களுக்கும் டர்போவைப் பிடித்திருக்கும் 4 நட்களுக்கும் டர்போவிலிருந்து புகையைக் கீழே கொண்டுபோகும் டவுன்பைப்பின் கிளாம்புக்கும் துருவில் ஊடுருவும் எண்ணெயைக் காலையும் மாலையும் தெளித்து வாருங்கள். ஒரு வேளை ஓட்டிவிட்டு, எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது தெளித்தால், ஆறும்போது மரைக்குள் எண்ணெய் உறிஞ்சப்படும். இந்த ஒரு பொறுமை, முறிந்த போல்ட்டுடன் போராடும் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தும்.

வேலை நாளில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு. இரண்டின் எதிர்முனை வயர்களையும் கழற்றிவிடுங்கள். டர்போ வண்டியின் வலப்பக்கம், அதாவது பயணி அமரும் பக்கம் இருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியையும் டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயையும் முதலில் எடுங்கள். அதன் பின் டர்போவிலிருந்து, அது அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயையும் வேஸ்ட்கேட் ஹோஸையும் கழற்றுங்கள். திறந்த ஒவ்வொரு வாயையும் அந்தக் கணமே டேப் ஒட்டி மூடிவிடுங்கள். துணியைத் திணிப்பது வேண்டவே வேண்டாம். திணித்த துணியை மறந்து எஞ்சினை இயக்கியவர்கள் உண்டு.

கீழே இறங்கி டவுன்பைப்பின் கிளாம்பை விடுவியுங்கள். பிறகு எண்ணெய்க் குழாய்கள். மேலிருந்து வருவது, ஆயில் ஃபில்டர் பொருந்தியுள்ள தலைப்பகுதியிலிருந்து அழுத்தத்துடன் எண்ணெய் கொண்டுவரும் மெல்லிய குழாய். கீழே போவது, டர்போவின் வயிற்றிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் திரும்பும் பருத்த வடிகுழாய். இரண்டையும் கழற்றி, பிளாக் பக்கத்துத் துளையை நன்றாக மூடிவைத்த பிறகு, டர்போவின் நான்கு நட்களை விடுவித்து அதை இரு கையாலும் தூக்கி எடுங்கள். அது கனமானது. அதை எடுக்கும் வழியில் கை வழுக்கினால் ஃபெண்டரும் அடிபடும், காலும் அடிபடும்.

மேனிஃபோல்டைத் தொடும் முன், கேபினைச் சூடாக்கும் நீர்க்குழாய் அதை ஒட்டியே ஓடுவதைக் கவனித்து, அதன் பிடிப்பை விடுவித்து ஒதுக்கி வையுங்கள். போல்ட்களை ஓரத்திலிருந்து தொடங்கி நடு நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரு போல்ட் நகர மறுத்தால் நீண்ட பைப்பை மாட்டி இழுக்காதீர்கள். சற்று இறுக்கும் திசையில் அசைத்துப் பிறகு தளர்த்தும் திசையில் அசையுங்கள், மறுபடி எண்ணெய் தெளியுங்கள். எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தடுப்பான ஃபயர்வாலை ஒட்டிய ஆறாவது சிலிண்டரின் கடைசி போல்ட்டுக்குக் கை போவதே கடினம்; குட்டையான சாக்கெட்டும் வளைந்து கொடுக்கும் இணைப்பும் அங்கே தேவைப்படும்.

அவ்வளவுக்குப் பிறகும் ஒரு போல்ட் முறிந்தால் பதற்றப்பட வேண்டாம். முறிந்த தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் செய்யுங்கள். வெல்டிங்கின் சூடே துருவின் பிடியை உடைத்துவிடும். நட் சற்று ஆறியதும் ஸ்பேனர் போட்டால் பெரும்பாலும் மெதுவாகச் சுழன்று வந்துவிடும். ஹெட்டின் முகத்தோடு மட்டமாக முறிந்திருந்தால், நடுவில் மிகத் துல்லியமாகப் புள்ளி குத்தித் துளையிட வேண்டியிருக்கும். அதில் பழக்கம் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிடலாம். கோணலாகத் துளையிட்ட ஹெட்டைச் சரிசெய்ய ஆகும் செலவு, அவர் கேட்கும் கூலியைவிடப் பல மடங்கு அதிகம்.

முகங்களைச் சுத்தம் செய்தல்

ஹெட்டின் ஆறு புகை வாய்களைச் சுற்றியுள்ள முகத்தில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கட்டையும் கரியையும் சுரண்டி எடுங்கள். சுழலும் அரத்தகடு போட்டு இழைத்தால் முகம் பள்ளமாகிவிடும். தட்டையான சுரண்டியும் பொறுமையும் போதும். சுரண்டும்போது வாய்க்குள் எதுவும் விழாதபடி மூடிக்கொள்ளுங்கள். அங்கே விழும் துகள் நேராகப் புது டர்போவின் சக்கரத்தில்தான் போய் அடிக்கும். போல்ட் துளைகள் எம்10, 1.5 இடைவெளி மரை கொண்டவை. ஒவ்வொன்றிலும் மரை வெட்டும் டேப் கருவியைக் கையால் ஓட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

புதிய மேனிஃபோல்டைப் பிரித்தவுடன் அப்படியே ஏற்றிவிடக் கூடாது. வார்ப்பு மணலும் இரும்புத் துணுக்கும் உள்ளே ஒட்டியிருக்கக்கூடும். விரலை விட்டுத் தடவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, காற்றடித்து வெளியேற்றுங்கள். நேர்விளிம்புக் கோலை முகத்தின் மீது வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். டர்போ உட்காரும் முகமும் மட்டமாக இருக்க வேண்டும்.

புகை வெப்பமானி இல்லாமல் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். அதன் உணர்கம்பிக்கு வேண்டிய துளை மேனிஃபோல்டில் முன்பே இருந்தால் நல்லது. இல்லையென்றால், மேனிஃபோல்டு மேசை மேல் இருக்கும் இந்த நேரத்தில்தான் துளையிட்டு மரை போட வேண்டும். டர்போ ஏறிய பிறகு துளையிட்டால் இரும்புத் துருவல் உள்ளே போவதைத் தடுக்க வழியில்லை.

மேனிஃபோல்டைப் பொருத்துதல்

மூன்று துண்டு மேனிஃபோல்டு என்றால், வழுக்கும் இணைப்புகளை மேசையிலேயே சேர்த்துப் பார்த்து, கையால் தள்ளினால் நகர்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இணைப்பில் முதல் சில நாட்கள் மெல்லிய கரிக்கோடு தெரியக்கூடும். கரி படியப் படியத் தானே அடைபட்டுவிடும். கசிகிறதே என்று எண்ணி அதை வெல்டிங் செய்தால், மூன்று துண்டு வாங்கியதன் பயனே போய்விடும்.

கேஸ்கட்களை உலர்ந்த நிலையிலேயே வையுங்கள். வழக்கமான கேஸ்கட் ஒட்டுப்பசை அந்தச் சூட்டைத் தாங்காது. வெளிப்பக்கம் எது என்று குறியிட்டிருந்தால் அதன்படியே வையுங்கள். போல்ட்களின் மரையில் உயர்வெப்பத்துக்கான ஒட்டாமைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். சில தொகுப்புகளில் நீண்ட போல்ட்களும் அவற்றுக்கு உறைபோன்ற குழல்களும் கொடுக்கிறார்கள். அவற்றை விட்டுவிடாமல் பயன்படுத்துங்கள்: நீண்ட போல்ட் இழுபட்டுக் கொடுக்கும் ஆற்றல் அதிகமுள்ளது, ஆகவே சூட்டு ஏற்ற இறக்கத்தில் எளிதில் தளராது, முறியாது.

12 போல்ட்களையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். எல்லாம் நேராக உட்கார்ந்த பின், நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி இரண்டு மூன்று சுற்றுகளாக இறுக்கிக்கொண்டே போய், கடைசிச் சுற்றில் 43 நியூட்டன் மீட்டர், அதாவது 32 அடி-பவுண்டு அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். மேனிஃபோல்டு தயாரிப்பாளர் தன் தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

டர்போவைத் திருப்பி அமைத்தல்

பெட்டியிலிருந்து எடுத்த டர்போவின் தண்டை விரலால் சுழற்றிப் பாருங்கள். எந்தச் சக்கரமும் உறையில் உரசக் கூடாது. பக்கவாட்டில் தண்டு லேசாக அசைவது குறையல்ல. அதன் புஷ்கள் எண்ணெய்ப் படலத்தில் மிதந்து சுழல்பவை, எண்ணெய் இல்லாதபோது அந்த இடைவெளி கைக்குத் தெரியும். முன்னும் பின்னுமாகத் தண்டு ஆடுவது தெளிவாகத் தெரிந்தால் மட்டும் திருப்பி அனுப்புங்கள்.

டர்போவின் மூன்று பகுதிகளை, அதாவது புகைச் சுருள், நடு உடல், காற்றுச் சுருள் ஆகியவற்றை, உங்கள் வண்டிக்கு ஏற்பத் திருப்பி அமைக்க வேண்டியிருக்கும். இதைக் கேஸ்கட் இல்லாமல், தற்காலிகமாக வண்டியில் வைத்துப் பார்த்துச் செய்வது நல்லது. முதலில் கவனிக்க வேண்டியது நடு உடலின் எண்ணெய் வடியும் வாய்: அது நேராகப் பூமியைப் பார்க்க வேண்டும். இடமில்லை என்றால் சிறிது சாயலாம். ஆனால் அதிகம் சாய்ந்தால் எண்ணெய் தேங்கும். அதன் பிறகே காற்றுச் சுருளின் வாயை இன்டர்கூலர் குழாய்க்கு நேராகத் திருப்புங்கள். பிணைப்புகளைத் தளர்த்தும்போது சுருளைக் கோணலாக இழுத்தால் சக்கரத்தின் இறக்கைகள் வளைந்துவிடும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும் சக்கரத்தில் ஒரே ஓர் இறக்கை வளைந்திருந்தாலும் அந்த டர்போ நீடிக்காது.

கோணம் சரியானதும் புதிய கேஸ்கட் வைத்து, நான்கு நட்களையும் குறுக்கு முறையில் 32 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இது மூல டர்போவுக்கான அளவு. நட்கள் புதியவையாக இருக்கட்டும்.

எண்ணெய்

இந்த வேலையின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. எண்ணெய் கொண்டுவரும் குழாயைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய குழாயின் உள்ளே படிந்திருக்கும் கரி வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சூடான புது எண்ணெய் ஓடத் தொடங்கியதும் அது உதிர்ந்து புஷ்களின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடும். அதே காரணத்தால்தான் எண்ணெய்க் குழாயின் இணைப்புகளில் சிலிக்கான் பசையோ வெள்ளை டேப்போ சுற்றக் கூடாது என்கிறார்கள். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். ஃபில்டருடன் சேர்த்து 11 குவார்ட், அதாவது சுமார் 10.4 லிட்டர் பிடிக்கும்.

வடிகுழாயில் எண்ணெய்யை இழுக்க எந்த அழுத்தமும் இல்லை. டர்போவுக்குள் போன எண்ணெய் நுரைத்து, புவியீர்ப்பால் மட்டுமே கீழே இறங்குகிறது. அதனால் அந்தக் குழாய் எங்கும் மேல்நோக்கி வளையவோ மடியவோ கூடாது. நான் ஒரு வண்டியில் புதிய டர்போவைப் பொருத்தியபோது, அது பழையதைவிடச் சற்று முன்தள்ளி உட்கார்ந்ததால், வடிகுழாயின் ரப்பர் ஹோஸ் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் லேசாக மடிந்துவிட்டது. வண்டி ஐடிலில் நின்றால் நீலப்புகை வந்தது. டர்போவின் சீல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றித் தயாரிப்பாளருக்கே அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டேன். கடைசியில் ஒரு சிறிய கண்ணாடியைக் கீழே நீட்டிப் பார்த்தபோதுதான் மடிப்பு தெரிந்தது. இறங்க முடியாத எண்ணெய் சீலைத் தாண்டி வழிந்திருக்கிறது. ஹோஸை மாற்றியதும் புகை நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வண்டியிலும் இந்த ஹோஸை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பார்க்காமல் நான் அடுத்த வேலைக்குப் போவதில்லை.

மேல் குழாயை இணைக்கும் முன், டர்போவின் எண்ணெய் வாயில் 50 முதல் 60 மில்லி புதிய எஞ்சின் ஆயிலை ஊற்றி, காற்றுச் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். எண்ணெய் புஷ்களில் பரவியதும் குழாயை இணையுங்கள்.

காற்றுப் பக்கம்

பழைய டர்போ எண்ணெய் கக்கியிருந்தால், இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவியே ஆக வேண்டும். அதற்குள் தேங்கிய எண்ணெய்யும் ஒரு டீசல் எஞ்சினுக்கு எரிபொருள்தான். அது காற்றோடு இழுபட்டால், சாவியை அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் தானே வேகமெடுத்து ஓடி வெடித்துச் சிதறக்கூடும். பழைய டர்போவின் சக்கரம் உடைந்திருந்தால், அலுமினியத் துண்டுகள் இன்டர்கூலரின் மடிப்புகளுக்குள் சிக்கியிருக்கும். கழுவியும் ஐயம் தீரவில்லை என்றால் வேறு இன்டர்கூலர் போடுவதே பாதுகாப்பு. குழாய்களின் இணைப்பு முனைகளில் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு ஹோஸ்களை மாட்டுங்கள். வழுக்கல் இருந்தால் அழுத்தம் ஏறும்போது ஹோஸ் தெறித்துக் கழன்றுவிடும். டவுன்பைப்பை ஏற்றும்போது அதன் பாரம் டர்போவில் தொங்காதபடி தாங்கிகளைச் சரிசெய்யுங்கள். வயர்களும் பிரேக் குழாய்களும் அதிலிருந்து விலகி ஓட வேண்டும்.

முதல் இயக்கம்

எரிபொருளை நிறுத்தும் சாலினாய்டு, டிரைவர் பக்கம் பம்பின் அருகே இருக்கிறது. அதன் வயர் இணைப்பைக் கழற்றிவிட்டு பேட்டரிகளை மாட்டுங்கள். இப்போது ஸ்டார்ட்டரைப் போட்டால் எஞ்சின் சுழலும், ஆனால் டீசல் போகாததால் ஸ்டார்ட் ஆகாது. பத்துப் பதினைந்து விநாடி சுழற்றி, ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு, எண்ணெய் அழுத்த முள் எழும்வரை மறுபடி சுழற்றுங்கள். முள் எழுந்த பின்னும் ஒருமுறை சுழற்றினால் டர்போ வரை எண்ணெய் போய்ச் சேர்ந்திருக்கும்.

சாலினாய்டை மாட்டி எஞ்சினை இயக்கும்போது, உதவிக்கு ஒருவர், டர்போவின் காற்று வாயை மூடும் அளவுள்ள ஒட்டுப்பலகைத் துண்டுடன் பக்கத்தில் நிற்கட்டும். எஞ்சின் கட்டுமீறி ஓடினால், அந்தப் பலகையால் காற்றை அடைத்துத்தான் அதை நிறுத்த முடியும். கையையோ துணியையோ அங்கே கொண்டுபோகவே கூடாது. எஞ்சின் இயங்கியதும் ஆக்சலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். அந்த நேரத்தில் டார்ச் அடித்து எண்ணெய்க் குழாயின் இணைப்புகளையும் வடிகுழாயையும் பாருங்கள். மேனிஃபோல்டில் பூசியிருந்த எண்ணெய்யும் பசையும் எரிந்து வெண்புகை வருவது இயல்பு; ஆறு வாய்களில் ஏதாவது ஒன்றில் 'டிக் டிக்' என்று சீரான ஒலி கேட்டால் அங்கே கேஸ்கட் சரியாக உட்காரவில்லை.

அணைத்து, முழுக்க ஆறியதும் மேனிஃபோல்டு போல்ட்களையும் டர்போ நட்களையும் அதே அளவுக்கு மறுபடி இறுக்குங்கள். காற்றுப் பக்கத்தின் கசிவைச் சோதிக்க, டர்போவின் வாயில் காற்று நுழைக்கும் வால்வு பொருத்திய மூடியைக் கிளாம்ப் போட்டு மாட்டி, கம்ப்ரஸரால் 15 முதல் 20 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். மூடி தெறிக்கும் திசையில் யாரும் நிற்க வேண்டாம்.

சாலையில்

முதல் ஓட்டத்தில் சுமை ஏற்றாமல், வெப்பமானியையும் அழுத்தமானியையும் கவனித்தபடி மெல்ல வேகம் கூட்டுங்கள். டர்போவுக்கு முன்னால் பதித்த உணர்கம்பி நீடித்த சுமையில் 1250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 677 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் நெடுநேரம் ஓடினால் அலுமினிய பிஸ்டன் உருகத் தொடங்கும் ஆபத்து இருக்கிறது. மேட்டில் முள் ஏறிக்கொண்டே போனால் கியரைக் குறைத்து, ஆக்சலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்துங்கள். சுமையிழுத்து வந்து நிறுத்தும்போது, முள் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும்வரை ஐடிலில் விட்ட பிறகே சாவியைத் திருப்புங்கள். உடனே அணைத்தால், நின்றுபோன எண்ணெய் சூடான நடு உடலுக்குள்ளேயே வெந்து கரியாகிவிடும்.

ஒரு வாரம் ஓடிய பின், குளிர்ந்த எஞ்சினில் 12 போல்ட்களையும் மூன்றாம் முறையாக டார்க் ரென்ச்சால் தொட்டுப் பாருங்கள். ஆறாவது சிலிண்டரின் கடைசி போல்ட்டுக்குக் கை எட்டுவது இப்போதும் கடினமாகவே இருக்கும். ஆயினும் முதலில் தளர்வது அதுவாக இருப்பதால், அதிலிருந்தே தொடங்குங்கள்.